பலாலியில் ஓரிரவு: சிறுவிமானத்தை உப்புக்காற்றில் நிறுத்தி வைப்பவர்களுக்கு

கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து நான்கு இருக்கைச் செஸ்னாவில் புறப்பட்டு, மேற்குக் கரையை ஒட்டியே பறந்து, வடக்கே பலாலி விமானக்களத்தில் இறங்கி, ஓரிரவு யாழ்ப்பாணத்தில் தங்கி மறுநாள் திரும்புவது இந்தத் தீவில் கிடைக்கும் மிக நல்ல பறப்புகளில் ஒன்று. வரும் வழியில் பெரிய சிக்கல் ஏதும் வருவதில்லை. வருகிற சிக்கல்கள் எல்லாம் மறுநாள் காலைக்காகக் காத்திருக்கும். கண்ணாடியில் உப்புப் படலம், எரிபொருள் தாங்கியில் தண்ணீர், குழாய்க்குள் குளவி மண், ஏழரை மணி தாண்டியும் விலகாத மூடுபனி, வாசலில் பெயர்ப் பட்டியலைக் காணோம் என்று நிறுத்தி வைக்கும் காவலர். அதனால் இந்தப் பயணத்தின் திட்டத்தை மறுநாள் புறப்படும் நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். எத்தனை மணிக்குப் பலாலியை விட்டு எழும்ப வேண்டும் என்பது முடிவானால் எங்கே தங்குவது, எவ்வளவு எண்ணெய் ஏற்றுவது, எத்தனை பேர் வருவது என்பவை தாமாகவே தெளிந்துவிடும்.

அந்த நேரத்தைத் தீர்மானிப்பது பருவம். பாதையின் இரண்டு முனைகளும் எதிரெதிர்ப் பருவங்களில் இருக்கின்றன என்பதைக் கொழும்பிலிருந்து வருபவர்கள் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கும், ரத்மலானையில் மழை பெய்யும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை இங்கே மழை. வானம் நாள் முழுக்க மூடியிருக்க, கொழும்பில் காலை வெயில் அடிக்கும். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் ஐப்பசியிலும் கொழும்புப் பக்கம் பின்னேரத்தில் இடிமழை பிடிக்கும். எனவே திரும்பும் நாளில் முற்பகல் பதினொரு மணிக்குள் ரத்மலானையில் இறங்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பலாலியிலிருந்து எட்டரைக்கு முன்னர் எழும்ப வேண்டும்.

இரு முனைகளும் ஒன்றாக நல்லபடியாக இருப்பது தையின் நடுவிலிருந்து பங்குனி நடு வரைதான். ஆனால் அப்போது பனி. தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைப் பிளக்கும் என்று சொல்வது சும்மா இல்லை. தெளிந்த, காற்றில்லாத இரவுக்குப் பிறகு தோட்டவெளிகளிலும் நீரேரிக் கரைகளிலும் மூடுபனி தரையோடு படிந்திருக்கும். கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வலயத்துக்குள் குறைந்தது 5 கிலோமீற்றர் பார்வைத் தூரமும் 1500 அடி முகில் உயரமும் வேண்டும். விடிந்ததும் ஓடிப்போய் ஆறு மணிக்கு விமானத்தடியில் நிற்பதால் பயனில்லை. வெயில் ஏறியதும் பனி கலையும். தை, மாசியில் எட்டு மணி என்றும், சோளகக் காலத்தில் ஆறரை என்றும் புறப்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். சோளகக் காற்று இரவிலும் முழுதாக அடங்குவதில்லை, ஆனால் வெயில் ஏற ஏற உரக்கும்.

பயணத்திட்டப் படிவத்தில் நேரம் எல்லாம் உலக நேரத்தில் எழுதப்படும். இலங்கையின் 06:30 அங்கே 01:00. தங்கல் பயணத்தில் இரண்டு படிவங்கள் நிரப்ப வேண்டியிருப்பதால், இரண்டாவதில் உள்ளூர் நேரத்தை எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

அடுத்தது எண்ணெய். விமானத்துக்குரிய பெற்றோல் பலாலியில் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு ரத்மலானையை விட்டு எழும்பாதீர்கள். ஜெட் எரிபொருள் வேறு, ஏவ்காஸ் எனப்படும் இந்தப் பெற்றோல் வேறு. முன்கூட்டி எழுத்தில் உறுதி வாங்கியிருந்தால் ஒழிய, போகவரத் தேவையான முழுதும் தாங்கியில் இருக்க வேண்டும். கணக்கைச் சோளகக் காலத்துக்கே போட்டுப் பார்ப்போம், அதுதான் கடுமையானது. ரத்மலானை, புத்தளம், மன்னார், பலாலி என்று கரையோரம் வந்தாலும் தூரம் நேர்கோட்டைவிட அதிகம் கூடாது, ஏறக்குறைய 180 கடல்மைல். செஸ்னா 172 ஐ 105 நொட் (மணிக்கு 105 கடல்மைல்) வேகத்தில் ஓட்டுகிறோம், மணிக்கு 34 லீற்றர் குடிக்கிறது என்று கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து 25 நொட் காற்று வீசினால் வரும்போது பின்காற்று கிடைத்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கலாம். தரையோட்டம், ஏற்றம் எல்லாம் சேர்த்து 56 லீற்றர் அளவில் போகும். திரும்பும்போது அதே காற்று முன்னால் நிற்கும். தரைவேகம் 85 நொட்டுக்கு விழுந்து இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும், 78 லீற்றர் போகும். இரண்டும் சேர்த்து 134. அதன்மேல் முக்கால் மணிநேரக் கையிருப்பு 26, சுற்றிக் காத்திருக்க அரைமணிக்கு 17. மொத்தம் 177 லீற்றர்.

172எஸ் வகையில் பயன்படுத்தக்கூடிய எண்ணெய் 53 அமெரிக்க கலன், அதாவது 200 லீற்றர். தாராளம். பழைய 172என் வகையின் சாதாரணத் தாங்கியில் பயன்படுவது 40 கலன், 151 லீற்றர்தான். போகவர 134 கழித்தால் மிச்சம் 17. அந்த விமானத்தில் சோளகக் காலத்தில் எண்ணெய் ஏற்பாடு இல்லாமல் பலாலிக்குப் புறப்படவே கூடாது. வரும்போது பின்காற்றில் சுகமாகப் பறந்துவிட்டு ‘எண்ணெய் இவ்வளவு மிச்சமிருக்கிறதே’ என்று நினைப்பதுதான் இதில் உள்ள பொறி. திரும்பும் கணக்கை வரும் கணக்கின் இரட்டிப்பாகப் போடாமல் தனியாகப் போடுங்கள்.

முழுத்தாங்கி என்றால் ஆட்களைக் குறைக்க வேண்டும். 172எஸ் இன் உச்ச எடை 1157 கிலோ. வெற்று எடை விமானத்துக்கு விமானம் மாறும், உங்கள் விமானத்தின் எடைத்தாளைப் பாருங்கள். 770 என்று வைத்தால் 387 மிஞ்சும். 200 லீற்றர் ஏவ்காஸ் 144 கிலோ. மீதி 243 கிலோவுக்குள் 70 கிலோக்காரர் மூன்று பேர் ஏறினால் பைகளுக்கும் கயிறுகளுக்கும் தண்ணீருக்குமாக 33 கிலோ இருக்கிறது. நான்காவது ஆளுக்கு இடமில்லை. இருக்கை நான்கு இருக்கிறதே என்று நான்கு பேரை அழைத்துவிட்டுக் கடைசியில் எண்ணெயைக் குறைப்பவர்கள் உண்டு. அதற்கு நான்காவது ஆளிடம் முதலிலேயே இல்லை என்று சொல்லிவிடலாம்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல நாளில் கரை தானே வழிகாட்டும். கட்டுநாயக்க வலயத்துக்குள் சொன்ன உயரத்தில் சொன்ன பாதையில் போங்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கியும், மன்னார்த் தீவின் தென்கரையில் நிரையாக நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகள் 30 உம் தாழப் பறப்பவருக்கு உண்மையான தடைகள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை வங்காலை, மன்னார், யாழ்ப்பாண நீரேரி எங்கும் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்கியிருக்கும். நீரேரிகளுக்கு மேல் 2000 அடிக்குக் கீழே போகாமல் இருப்பது அவற்றுக்கும் நல்லது, உங்கள் முன்கண்ணாடிக்கும் நல்லது. வடக்கே வழிதவறி இழுபடாதீர்கள். காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை ஐம்பது அறுபது கிலோமீற்றர்தான், இடையில் எல்லை இருக்கிறது. வழியில் இறங்க நேர்ந்தால் அநுராதபுரம், வவுனியா, இரணைமடு ஆகியவை விமானப்படையின் களங்கள். மாற்றிடமாக எழுதுவதானால் அவற்றுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

பலாலி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த களம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதலாவது பறப்பு ரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனபோது இந்தக் களத்தில் இறங்கித்தான் போனது. 2019 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இப்போதும் விமானப்படைத் தளத்தோடு சேர்ந்தே இயங்குகிறது. தங்கல் பயணத்துக்கு இதுவே மிக முக்கியமான செய்தி. இறங்க அனுமதி கிடைத்தால் இரவு நிறுத்தவும் மறுநாள் காலை உள்ளே வரவும் அனுமதி கிடைத்ததாக ஆகாது. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். தரிப்பிடத்தில் எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, காலையில் வாசல் எப்போது திறக்கும், ஓட்டோ எந்த இடம் வரை வரலாம், கட்டுப்பாட்டுக் கோபுரம் எத்தனை மணிக்குக் கடமைக்கு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வருகிற எல்லோரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இரண்டு நாள்களுக்கும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மறுநாள் வாசலில் நிற்பீர்கள். தளத்துக்குள் படம் எடுக்காதீர்கள்.

இருட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னராவது இறங்கிவிடுங்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னரே பொழுது படும், அந்தி நீளாது. இறங்கிய பிறகு கட்டவும் மூடவும் முக்கால் மணிநேரம் வேண்டும், அதை வெளிச்சத்தில் செய்ய வேண்டும். ஓடுபாதை 05/23, வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது. வடகிழக்கு வாடையும் சோளகமும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் வீசுகின்றன. குறுக்குக்காற்றுத் தொல்லை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். ஏ.ரி.ஆர் 72 பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதையில் 172 க்கு நீளம் ஒரு பிரச்சினை ஆகாது. சோளகத்தில் கடற்பக்கமிருந்தும் வாடையில் நிலப்பக்கமிருந்தும் இறங்குவீர்கள்.

வாடைக்காலத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு சொல்: மார்கழியும் தையும் பட்டக் காலம். வடமராட்சியிலும் வலிகாமத்திலும் காற்றில் ஒலியெழுப்பும் விண் பூட்டிய பெரிய பட்டங்கள் நைலோன் கயிற்றில் மிக உயரம் ஏறும், இரவிலும் கட்டி விடுவார்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும், பலாலியிலிருந்து அது ஆறு கடல்மைல் அளவுதான். பட்டம் கண்ணில் படும், கயிறு படாது. அந்த நாள்களில் குடாநாட்டுக்கு மேல் தாழ்ந்து வட்டமடித்து ஊர் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இனிக் கட்டுவது. இதில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

கயிறும் கட்டையும் நீங்களே கொண்டு வாருங்கள். 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள நைலோன் அல்லது பொலியெஸ்ரர் கயிறு, நான்கு மீற்றர் நீளத்தில் மூன்று, உபரியாக ஒன்று. மணிலாக் கயிறு வேண்டாம், நனைந்தால் சுருங்கி இறக்கையைக் கீழே இழுக்கும். எதில் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. மண்ணில் திருகி இறக்கும் ஆணிகளை நம்பி வருபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். வலிகாமத்தின் செம்மண் பல இடங்களில் மெல்லிய போர்வைதான், கீழே சுண்ணக்கல். ஆணி ஒரு முழம் இறங்குவதற்குள் கல்லில் முட்டி நிற்கும், அப்படி நிற்கும் ஆணி இழுவைக்குத் தாங்காது. தரிப்பிடத்தில் வளையம் பதித்த இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் கொங்கிரீற் கட்டைகளோ, தண்ணீர் நிரப்பிய 200 லீற்றர் பீப்பாக்களோ இறக்கைக்கு ஒன்றாக ஏற்பாடு செய்ய வேண்டும். 20 லீற்றர்க் கான்கள் எடை காணாது. வெறுமையான 172 ஏறக்குறைய 40 நொட் வேகத்திலேயே பறந்துவிடக்கூடியது. இடிமழைக்கு முன்னால் வரும் காற்று அந்த வேகத்தை எட்டும்போது மூக்குக் கொஞ்சம் மேலெழும்பினாலே போதும், கட்டில்லாத விமானம் தரையில் நிற்காது.

மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்துங்கள், வாடையில் வடகிழக்கே, சோளகத்தில் தென்மேற்கே. இறக்கை அடியில் உள்ள வளையத்திலும் வாலடி வளையத்திலும் கட்டுங்கள். இறக்கையைத் தாங்கும் சாய்கம்பில் கட்டினால் முடிச்சு வழுக்கி நடுவுக்கு வந்து கம்பை வளைத்துவிடும். கயிற்றில் ஒரு அங்குலத் தளர்வு இருக்கட்டும். முறுக்கி இழுத்துக் கட்டினால் இரவெல்லாம் இறக்கைக்கு அழுத்தம். அதிகம் தளர்ந்திருந்தால் விமானம் குலுங்கிக் குலுங்கிக் கயிற்றை வெட்டி இழுக்கும். முடிச்சு நழுவாததாகவும் நனைந்த பிறகும் அவிழ்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் மயிலிட்டித் துறையில் படகு கட்டும் எவரும் இரண்டு நிமிடத்தில் சொல்லித் தருவார்.

சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பார்க்கிங் பிறேக்கை நம்பி விட்டுப் போகாதீர்கள், இரவில் அதன் எண்ணெய் அழுத்தம் இறங்கிப் பிடி தளரும். உள்ளே கட்டுப்பாட்டுத் தண்டுக்குப் பூட்டுக் கம்பி, வெளியே சுக்கானுக்குப் பூட்டு. காற்றில்லாத நாளிலும் இது வேண்டும். சென்னைக்குப் போய்வரும் பயணிகள் விமானம் பக்கத்தில் திரும்பும்போது அதன் சுழலிக் காற்று உங்கள் வாலை அடிக்கும். அது நிற்கும் இடத்துக்குப் பின்னால் உங்களுக்கு இடம் தந்தால் மாற்றித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகியிருந்தால் எந்தக் கட்டும் போதாது. 2008 இல் நிஷாப் புயலும் 2020 இல் புரெவிப் புயலும் இந்தப் பருவத்தில்தான் வடக்கை நனைத்தன. அப்படியான வாரத்தில் இரவுத் தங்கலைத் தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே திரும்பிவிடுங்கள்.

இயந்திரம் நின்றதும், பைகளை இறக்கும் முன்னரே, வேகமானிக்குக் காற்றெடுக்கும் பிற்றோ குழாய்க்கு உறை போடுங்கள். குளவிக்குச் சின்ன ஓட்டை போதும், ஒரு பின்னேரத்துக்குள் மண் வைத்து அடைத்துவிடும். குழாய் அடைபட்டால் வேகமானி பொய் சொல்லும். 1996 இல் டொமினிக்கன் குடியரசில் போயிங் 757 ஒன்று எழும்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாள் உறையின்றி நின்ற விமானத்தின் குழாயில் பூச்சி கட்டிய கூடே பெரும்பாலும் காரணம் என்று விசாரணையாளர் கருதினார்கள். இடது இறக்கை அடியில் எரிபொருள் தாங்கிக்குக் காற்றுப் போகும் சின்னக் குழாயும் அதே ஆபத்தில் இருக்கிறது. அது அடைபட்டால் எண்ணெய் ஓட்டம் குறையும். இயந்திரத்தின் முன் இரு வாய்களுக்கும் அடைப்பான் வையுங்கள், மைனா அங்கே புல் கொண்டுபோய்த் திணிக்கும். எல்லாவற்றிலும் சிவப்பு நாடா தொங்கட்டும். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி இருக்கையில் வைத்தால் காலையில் கழற்ற மறக்க முடியாது.

தங்குமிடத்துக்குப் பெரும்பாலானோர் யாழ்ப்பாணப் பட்டினத்தைத்தான் தேடுவார்கள். பலாலியிலிருந்து பட்டினம் பதினாறு பதினேழு கிலோமீற்றர், ஓட்டோவில் நாற்பது நிமிடம் பிடிக்கும். மறுநாள் காலை ஏழுக்கு விமானத்தடியில் நிற்க வேண்டுமென்றால் காங்கேசன்துறை, தெல்லிப்பழை, சுன்னாகம் பக்கம் தங்குவது நல்லது. அந்தியில் கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு வரவும் வசதி. இரவில் காற்று எழும்பினால் விமானத்தைப் பார்க்க ஓடி வரவும் கிட்ட. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் பட்டினத்தில் அறை கிடைப்பது அரிது, கோயிலைச் சுற்றிப் பாதைகளும் மூடியிருக்கும். காலை ஓட்டோவை முதல்நாளே பேசி, ஓட்டுநரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் போதும். நண்டுக்கறியும் ஒடியற்கூழும் ஓட்டப் போகாதவர்களுக்கு. ஓட்டுபவருக்கு அன்றிரவு கள்ளு கிடையவே கிடையாது.

காலையில் முதல் வேலை கண்ணாடி. கடல் ஒன்றிரண்டு கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதால் இரவுப் பனியோடு உப்பும் படிந்திருக்கும். முன்கண்ணாடி அக்ரிலிக்கால் ஆனது. காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் அதைக் கீறும், பிறகு சூரியனைப் பார்த்து இறங்கும்போது கீறல்கள் எல்லாம் ஒளிரும். பனி காய்வதற்கு முன், இரண்டு லீற்றர் நல்ல தண்ணீரை மேலிருந்து வழிய விட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் மேலும் கீழுமாகத் தடவுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். இதற்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்காதீர்கள். கரையோரக் கிணறுகள் உவர், உள்ளே உள்ளவை சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கேத்தில்களின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவு கண்ணாடியிலும் பிடிக்கும். கடையில் விற்கும் ஐந்து லீற்றர்ப் போத்தல் ஒன்று வாங்கினால் கண்ணாடி, சுழலி, முன்சில்லின் பளபளப்பான தண்டு எல்லாவற்றுக்கும் போதும். அந்தத் தண்டில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் ஓடினால் அதன் ரப்பர் வளையம் அறுந்து எண்ணெய் கசியும்.

பிறகு தாங்கி வடிகால். வரும் வழியில் எரிந்த அளவுக்குத் தாங்கியில் காற்று இருக்கிறது. இரவின் ஈரம் அதில் தண்ணீராகும், மழை பெய்திருந்தால் மூடியின் பழைய வளையத்தாலும் இறங்கும். 172எஸ் இல் வடிகால் 13 இடங்களில் உள்ளது, இறக்கைக்கு ஐந்து, அடியில் மூன்று. எல்லாவற்றிலும் எடுங்கள். தண்ணீர் அடியில் குமிழாகத் தெரியும். குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தால் குமிழ் தெரியாது, தெளிந்த எண்ணெய் என்றே தோன்றும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நீல நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். நீலம் இல்லையென்றால் அது 100எல்எல் எனப்படும் நீலச் சாயமிட்ட ஏவ்காஸ் இல்லை. தண்ணீர் வந்தால் இறக்கை நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டி, சில நிமிடம் விட்டு, மறுபடியும் எடுங்கள். துப்புரவாக வரும்வரை புறப்பாட்டைத் தள்ளுங்கள்.

உறைகளைக் கழற்றி எண்ணி, கட்டுகளில் வாலை விட்டுவிட்டு இறக்கைகளை முதலில் அவிழ்த்து, கடைசியாக வாலை அவிழ்த்துக் கையால் தொட்டுப் பாருங்கள். வால்கயிறோடு ஓட எத்தனித்த விமானங்கள் பல. ரத்மலானையின் வானிலையைக் கேட்டு, காற்றின் வேகத்தை வைத்து எண்ணெய்க் கணக்கை மறுபடி போடுங்கள். தரைவேகம் 75 நொட்டுக்குக் கீழே விழும் என்று வந்தால் அன்றைக்குப் புறப்பட வேண்டாம்.

வரும் வழியில் 56 லீற்றர் எரிந்ததால் 40 கிலோ குறைந்திருக்கும், அதனால் ஊர்ச் சாமான்களுக்கு இடமுண்டு. பனங்கட்டி, புழுக்கொடியல், ஆனி ஆடியில் என்றால் கறுத்தக்கொழும்பான் ஒரு பெட்டி. ஆனால் பின்பக்கப் பைத்தட்டில் மொத்தம் 54 கிலோவுக்கு மேல் வைக்க முடியாது. மாம்பழப் பெட்டி வாலுக்கு அண்டிப் போகப்போக எடைமையமும் பின்னே நகரும். பின் இருக்கை காலியாக இருந்தால் அதிலேயே வைத்துப் பட்டியால் கட்டுங்கள்.

ரத்மலானையில் இறங்கிய அன்றோ மறுநாளோ விமானத்தை முழுதாக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழாயின் அழுத்தத்தைக் குறைத்து, கீல்களுக்கும் சில்லுத் தாங்கிகளுக்கும் நேரே பீய்ச்சாமல், இறக்கையின் அடிப்பக்கத்தையும் புகைக்குழாய் சுற்றையும் வால் கீல்களையும் மறக்காமல் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு கீல்களுக்கு எண்ணெய் விட்டு, கட்டுப்பாட்டுக் கம்பிவடங்களைத் துணியால் உருவிப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது, அதைப் பொறியியலாளரிடம் காட்டுங்கள்.